சூடு போட்டுக்கொண்ட கண்ணாடிகள்

என் கழுத்து திரும்பாது. ஏழெட்டு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது முகம் எந்தப் பக்கமோ, உடம்பும் அந்தப் பக்கம்தான். நான் தமிழாசிரியை. கடைசி பெஞ்சில் யாராவது சிரித்தால், கரும்பலகையிலிருந்து நான் முழுசாகத் திரும்பி முடிப்பதற்குள் சிரித்தவன் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டிருப்பான். "மிஸ் திரும்புறது பீரோவத் திருப்புற மாதிரி இருக்குடா" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அவனை வெளியே நிற்க வைத்தேன். அதே உவமையைப் பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஆகவே எனக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. காரில் ஏறி உட்கார்ந்தால்தான் உண்டு.

சின்னக் கார். சாம்பல் நிறம். பதினாறு வயது. சாந்தோமில் எங்கள் சந்திலிருந்து அடையாறில் பள்ளிக்கூடம் வரைக்கும் தினமும் அதில்தான் போகிறேன். கிளம்பியதும் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் நான் கடந்து வந்த ஊர் மிதந்துகொண்டு வரும். மாதா கோயில் கோபுரம் வெள்ளையாக எழுந்து, சாய்ந்து, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விடும். கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள் யாரோ மெதுவாகப் பின்னுக்கு இழுப்பது போலச் சிறுத்துக்கொண்டே போவார்கள். ஒரு மீன் கூடை, அதன்மேல் ஒரு காகம், ஒரு சிவப்பு பஸ். முன்னால் இருப்பதெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும், பின்னால் இருப்பதில் சத்தமே இருக்காது. ஆட்டோ வைத்துக்கொண்டு போகலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உண்மையான காரணம் இந்தக் கண்ணாடிகள்தான்.

"ஓட்டலாம்மா. கண்ணாடி தெளிவா தெரியற வரைக்கும் ஓட்டலாம்" என்றுதான் டாக்டரும் சொன்னார்.

அந்தத் தெளிவுதான் ஐப்பசி பிறந்தால் போய்விடும். மழையில் கண்ணாடி முழுக்கத் துளி. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குட்டித் தெரு, ஒரு குட்டி லாரி, எல்லாம் தலைகீழாக. பார்க்க அழகாக இருக்கும். எந்த லாரி எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் தெரியாது. உள்ளே இருக்கும் நடுக் கண்ணாடியில் பின்சீட்டும் மழையும் தெரியும், வேறொன்றும் தெரியாது. மழை விட்டால் மார்கழி. கடல் பக்கம் என்பதால் பனியோடு உப்பும் சேர்ந்து இறங்கி, துடைத்தால் மோர் தடவியது போல ஆகிவிடும். அந்த மாதங்களில் எனக்குப் பின்னால் உலகம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

அப்போதெல்லாம் என் கழுத்தாக இருந்தவர் என் கணவர். ரிட்டயர் ஆனவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டவர். மழை நாட்களில் காலையில் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் இடதுபக்க சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். கையில் ஒரு மஞ்சள் துணி. சிக்னலில் ஜன்னலை இறக்கி இடது கண்ணாடியைத் துடைப்பார். வலது கண்ணாடியை நான் துடைப்பேன். நான் இன்டிகேட்டர் போட்டதும் முழுசாகத் திரும்பிப் பின்கதவு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எப்போதும் ஒரே வாசகம் சொல்வார்.

"பின்னால யாரும் இல்ல, வா."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன 'வா' என்று நான் தமிழாசிரியைத்தனமாகக் கேட்டதுண்டு. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதேபோல் வந்து ஏறிக்கொள்வார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு உதவி செய்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். நன்றியும் வரும், ஆனால் எரிச்சல்தான் முதலில் வந்து சேரும்.

போன வருட மழையில் அது நடந்தது. அடையாறு பாலம் ஏறுவதற்கு முன்னால் வண்டிகள் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். இடதுபக்க இடைவெளியில் நுழைந்து வந்த ஒரு பைக் அந்தக் கையை இடித்துக்கொண்டு போனது. சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை, கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணாடி உடையலையே?" என்றார் அவர்.

மணிக்கட்டுதான் உடைந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. திரும்பாத கழுத்து ஒன்று, திரும்பாத மணிக்கட்டு ஒன்று, ஜாடிக்கேற்ற மூடிதான் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிடிவாதத்துக்கு அவர் கை போனது என்று ராத்திரியும் பகலும் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது.

"இனிமே மழையில நீங்க என்கூட வரக்கூடாது" என்றேன்.

"அப்ப நீயும் போகக்கூடாது. கார வித்துடலாம்" என்றார்.

நங்கநல்லூரிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டும் போனார். டயரைக் காலால் தட்டினார், கதவைத் திறந்து மூடினார், மழைக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் போன பிறகு நான் காருக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் எங்கள் சந்து தெரிந்தது, கொடியில் யாருடைய வேட்டியோ ஆடிக்கொண்டிருந்தது. இதுவும் இல்லையென்றால் மிச்சமுள்ள காலம் முழுக்க முன்னால் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் நானும் என் கணவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவர் துணையில்லாமல் நான் மழையில் ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கார் நங்கநல்லூருக்கு.

வழி கிடைத்தது பள்ளிக்கூட வாசலில். ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை. எனக்கு வாசலில் டியூட்டி. பிள்ளைகளை அழைத்துப் போக வந்த வண்டிகள் வரிசையாக நனைந்துகொண்டு நின்றன. எல்லாக் கண்ணாடியும் முத்து முத்தாக வேர்த்திருக்க, ஒரு பெரிய வெளிநாட்டுக் காரின் கண்ணாடி மட்டும் நடுவிலிருந்து மெதுவாகத் தெளிந்துகொண்டு வந்தது. யாரும் துடைக்கவில்லை. தூங்கி எழுந்தவர் கண் திறப்பது போலத் தானாகவே தெளிந்தது. நான் குடையை மறந்துவிட்டு அதன் எதிரே போய் நின்றேன்.

"உள்ள சூடாவும்மா. ஸ்விட்ச் இருக்கு" என்றார் அந்தக் காரின் டிரைவர், நனைந்துகொண்டிருக்கும் ஒரு டீச்சரைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

எங்கள் காரின் மின்சார வேலைகளைப் பார்ப்பவர் மீர்சாகிப்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். வீட்டில் உருது, கடையில் சுத்தமான மெட்ராஸ் தமிழ். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் யாருடைய ஹார்னையோ சோதித்துக்கொண்டிருந்தார்.

"பாய், என் கார் கண்ணாடி சூடாகணும்."

"ஆங், ஆங், பண்லாம் டீச்சரம்மா. சனிக்கெழம எட்த்துனு வாங்க."

இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியம். வெளிநாட்டில் பனிக்கட்டி விழும் ஊர்க்காரர்களுக்குத்தான் இது என்று நான் படித்து வைத்திருந்தேன். மீர்சாகிப்பேட்டையில் தினமும் நடப்பது போலச் சொல்கிறாரே என்று அவர்மேல் மரியாதை கூடியது.

சனிக்கிழமை போனால், மேஜைமேல் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் சுருள். அளவெடுத்து நான்கு துண்டு வெட்டியும் வைத்திருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, கண்ணாடி சூடாவுதுன்னீங்களே. சூப்பர் ஃபிலிம் வந்துகீது. நாலு ஜன்னலுக்கும் ஒட்னா உள்ள ஊட்டிதான். போலீஸும் ஒண்ணியும் கேக்க மாட்டான்."

"சூடாகுதுன்னு சொல்லல பாய். சூடாகணும்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சூடா... வணுமா?"

"ஆமாம்."

"மெட்ராஸ்லயா?"

இருபத்தெட்டு வருடமாக 'கிறது' வேறு, 'வேண்டும்' வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஈற்றை இந்த ஊர் எப்படிக் காதில் வாங்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி, சூடு என்று இரண்டு சொல் சேர்ந்து வந்தால் சென்னையில் அதற்கு ஒரே பொருள்தான். இங்கே சூடு போதவில்லை என்று எவரும் கடைக்கு வந்ததில்லை. அதோடு கண்ணாடி என்று மொட்டையாகச் சொன்னது என் தப்பு. நம் மொழியில் ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் உட்கார்ந்திருப்பதும் கண்ணாடி.

பாய் பக்கத்து டயர் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மச்சி, இங்க வாயேன். டீச்சரம்மா வண்டிக்கு வெயில் பத்தலியாம்."

இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு நிதானமாக, மழை, பக்கக் கண்ணாடி, என் கழுத்து, என் கணவர் கை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாயின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது.

"சாரு கை இப்போ எப்டிகீது?"

"முழுசா திரும்பாது."

சுருளை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டார். "ரெண்டு வாரம் டைம் குடுங்க. புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆள்கைல கேட்டுப் பாக்கறேன். கெட்ச்சிடும்."

கிடைத்தது. பிளாஸ்திரி போல மெல்லிசாக இரண்டு தகடு. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு ஒயர் வால்கள். கண்ணாடியைக் கழற்றி அதன் முதுகில் இதை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஆனால் பதினாறு வருடமாக உட்கார்ந்த கண்ணாடி கழன்று வர மாட்டேன் என்றது. நெம்பினால் கீறல் விட்டுவிடும் போலிருந்தது.

"வூட்ல முடி காய வெக்கிற மிஷின் கீதா?" என்றார் பாய்.

வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். என் தலைமுடிக்கு ஊதுவதை என் கார் கண்ணாடிக்கு ஊதினார். மெல்ல இளகி, 'டப்' என்று கையோடு வந்தது. கூட்டுக்குள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, ஒரு மூலையில் பழைய சிலந்தி வலை. இத்தனை வருடம் நான் பார்த்துப் பார்த்து வந்த தெருக்களெல்லாம் உள்ளே போய் இப்படித்தான் படிந்திருக்கின்றன போல என்று தோன்றியது. சொன்னால் பாய் மறுபடி டயர் கடைக்காரரைக் கூப்பிடுவார் என்று சும்மா இருந்தேன்.

ஒயரைக் கதவின் ரப்பர் குழாய் வழியாக உள்ளே இழுத்தார். ஸ்டியரிங் பக்கத்தில், கார் வாங்கிய நாள் முதல் ஒரு வெற்று மூடி இருந்தது. பணக்கார மாடலில் அங்கே ஏதோ பொத்தான் இருக்குமாம், எங்கள் மாடலில் மூடி மட்டும். அதைப் பெயர்த்துவிட்டு அங்கேயே ஸ்விட்சை வைத்தார். அழுத்தினால் எங்கோ உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு. பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்.

வெளியே வெயிலில் எல்லாமே கொதித்துக்கொண்டிருந்ததால் சூடாகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டியை நிழலில் தள்ளி, பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிமேல் தெளித்துப் பார்த்தோம். துளிகள் நடுவிலிருந்து சுருங்கத் தொடங்கின. பாய் புறங்கையை அதன்மேல் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க. ஜொரம் அடிக்கிது."

தொட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் அளவுக்கு இல்லை, லேசான காய்ச்சல்.

"ஒண்ணு சொல்லிக்கிறேன் டீச்சரம்மா. சூடு தண்ணியத்தான் காய வெக்கும். உப்பு அப்டியேதான் நிக்கும். டெய்லி ஈரத்துணியால ஒரு தொட தொடச்சிடணும்" என்றார். சரி என்று தலையாட்ட முடியாததால் வாயால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். ஸ்விட்சைப் போடச் சொன்னார், கண்ணாடியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார்.

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சாம்."

"பூனைக்கு மழையில கண்ணு தெரியும்னா போட்டுக்கட்டும்" என்றேன்.

அதன் பிறகு மழைக்குக் காத்திருந்தோம். வேண்டாதபோது கொட்டுவதும் வேண்டும்போது போக்குக் காட்டுவதும் இந்த ஊர் மழைக்குப் பழக்கம். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாததுமாகப் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தப்படி அவர் வாசலோடு நின்றுவிட்டார். நான் ஸ்விட்சை அழுத்தினேன். டிக். சிவப்புப் பொட்டு. சந்து முனைக்குப் போவதற்குள் தெளியத் தொடங்கியிருந்தது.

அன்றைய காலையை என்னால் மறக்க முடியாது. ஊர் முழுக்க ஈரச் சாம்பலாக இருந்தது. என் இரண்டு பக்கமும் இரண்டு துண்டுத் தெளிவு. மழைக்குள் கோபுரம் கரைந்து கரைந்து போனதைப் பார்த்தேன். கிரீன்வேஸ் சாலையில் மரங்கள் பின்னுக்கு நகர்ந்தன, ஒரு மரத்திலிருந்து மஞ்சள் பூ கொட்டி என் டயர்த் தடத்தை மூடியதைக்கூடப் பார்த்தேன். பாலத்தில் ஆறும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. ஒரு பஸ், பின்னால் இரண்டு பைக், ஓர் ஆட்டோ. எல்லாவற்றையும் பார்த்து, வழிவிட்டு, இன்டிகேட்டர் போட்டு, நானே திரும்பினேன். யாரும் எனக்காகத் திரும்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியபோது சத்தம் போட்டுச் சிரித்தேன். வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்தார், நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "கார் எங்கயும் போகல" என்றேன்.

"சரி" என்றார். நங்கநல்லூர்க்காரருக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டார். பிறகு பேப்பரை எடுத்து, காலையிலேயே படித்து முடித்த பக்கத்தைத் திரும்பப் படித்தார். நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். ஜெயித்தவர்களுக்கு மற்றவர் முகத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

மறுநாளும் மழை. நான் காரில் ஏறினேன். கண்ணாடியில் உப்புக் கறை இல்லை, யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். நான் துடைக்கவில்லை. வண்டியைச் சந்தில் பத்தடி நகர்த்தி நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். டிக். சிவப்புப் பொட்டு. இடது கண்ணாடியில் ஆயிரம் துளி. ஒவ்வொன்றிலும் தலைகீழாக ஒரு கறுப்புப் புள்ளி. நடுவிலிருந்து தெளிந்துகொண்டு வந்தது. முதலில் எங்கள் கேட். அப்புறம் ஒரு குடை. குடைக்குக் கீழே அவர்.

சவரம் செய்திருந்தார். நீலச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. காலில் ஷூ. அந்தத் திரும்பாத கையில், நாலாக மடித்த மஞ்சள் துணி.

இத்தனை வருடம் அவர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் எனக்குப் பின்னால் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. கார் போவதைப் பார்த்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பையன் போல நின்றிருந்தார். நேற்றும் இப்படித்தான் நின்றிருப்பார், நான் கோபுரத்தையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். எனக்காகத்தான் அவர் கஷ்டப்பட்டு வந்துகொண்டிருந்தார் என்று நம்பி, அவரை விடுதலை செய்ய இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். அவருக்கு இந்த மழைக்காலம்தான் வருடத்தின் நல்ல பகுதி என்று அந்தத் துளிகள் காயும்வரை எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

ரிவர்ஸ் கியர் போட்டேன். கழுத்து திரும்பாதவளுக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம் அதுதான், அதுவும் மழையில், எங்கள் சந்தில். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தேன். அவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பழக்கத்தில் கையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"பின்னால யாரும் இல்ல, வா, வா."

ஜன்னலை இறக்கினேன்.

"யாரும் இல்லையா? அப்ப நீங்க யாரு?"

"எதை மறந்துட்டுப் போன?"

"ஏறுங்க."

"நான் எதுக்கு? அதான் கண்ணாடி வேல செய்யுதே."

"கண்ணாடிய யாரும் கூப்பிடல. ஏறுங்க, மணியாகுது. கைய மட்டும் வெளிய நீட்டக்கூடாது."

குடையை மடக்கி உதறிவிட்டு ஏறினார். ஷூவிலிருந்து தண்ணீர் ஓடிக் கால்மிதியில் தேங்கியது. மஞ்சள் துணியை மடியில் வைத்துக்கொண்டார். சந்திலிருந்து சாலைக்கு வளைந்து ஓரமாக நின்று இன்டிகேட்டர் போட்டேன். வலது கண்ணாடி பளிங்காகத் தெளிந்திருந்தது. சாந்தோம் நெடுஞ்சாலை ஈரமாக, காலியாக, நீளமாக அதில் கிடந்தது. போகலாம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் முழுசாகத் திரும்பி, பின்கதவு ஜன்னல் வழியாக நிதானமாகப் பார்த்தார்.

"பின்னால யாரும் இல்ல, வா" என்றார்.

அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.